வகுப்பு முடிந்த பிறகு தொடங்கிய கல்லூரி: 19ஆம் நூற்றாண்டு யேல் மாணவர்களின் கதை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்றதும் நம் மனசில் வந்து நிற்கும் காட்சிகள் சில உண்டு. நிரம்பி வழியும் கால்பந்து மைதானம், ஆற்றில் ஒரே சீராகத் துடுப்பு வலித்துப் போகும் படகு, ஜன்னலே இல்லாத ரகசியச் சங்கக் கட்டடம், மாணவர்களே நடத்தும் நாளிதழ். இவற்றில் எதையும் பேராசிரியர்கள் கூடி உட்கார்ந்து திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்கள் கைக்காசைப் போட்டு, தாங்களே விதி எழுதி, தங்களுக்குள் சண்டையும் போட்டு உருவாக்கியவை அவை. நிர்வாகம் முதலில் கண்டுகொள்ளவில்லை, சில சமயம் தடுத்தது, கடைசியில் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டது.

ஒரே ஒரு கல்லூரியைப் பிடித்துக்கொண்டு போனால் இது எளிதாகப் புரியும். கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்ற ஊரில் இருக்கும் யேலை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு காரணம் சென்னையில் இருக்கிறது. எலிஹு யேல் என்பவர் 1687 முதல் 1692 வரை நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. தன் லாபத்துக்காகப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற புகாரில் பதவி பறிபோனது. அவர் நிர்வாகத்தில் இருந்த காலத்தில் மதராசிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. அவர் 1718ல் அந்தச் சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 புத்தகங்களும் ஜார்ஜ் மன்னரின் ஓவியம் ஒன்றும் அனுப்பி வைத்தார். மஸ்லின், காலிகோ போன்ற துணிகள் அடங்கிய அந்தச் சரக்கை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. அந்தக் காசுக்கு நன்றியாகத்தான் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

ஒப்பித்தல் என்ற வகுப்பு

1830களில் ஒரு யேல் மாணவனின் நாள் எப்படி இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்து பிறந்ததுதான்.

விடிவதற்கு முன்பே மணி அடிக்கும். எழுந்து தேவாலயத்துக்குப் போய்க் காலை ஜெபத்தில் உட்கார வேண்டும். இது கட்டாயம், வராதவர்கள் பெயர் குறிக்கப்படும். அதன் பிறகு, காலைச் சாப்பாட்டுக்கு முன்பே முதல் வகுப்பு. வகுப்பு என்றால் பேராசிரியர் நின்று விளக்குவது என்று நாம் நினைப்போம். அங்கே நடந்தது ஒப்பித்தல். முந்தின நாள் கொடுத்த லத்தீன் அல்லது கிரேக்கப் பகுதியை மாணவன் எழுந்து நின்று மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். கணக்கென்றால் நிரூபணத்தைச் சொல்ல வேண்டும். கேட்பவர் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம் முன்னால் பட்டம் வாங்கிய இளம் பயிற்றுநர். கேட்டு முடித்ததும் நோட்டில் மதிப்பெண் போடுவார். உச்ச மதிப்பெண் 4.

எல்லாருக்கும் ஒரே பாடம். தேர்ந்தெடுக்க ஏறக்குறைய எதுவும் கிடையாது. இதைக் குறைசொல்லி எழுந்த குரல்களுக்கு 1828ல் யேல் ஆசிரியர்கள் ஓர் அறிக்கையில் பதில் சொன்னார்கள். கல்லூரியின் வேலை மனத்தைப் பயிற்றுவது, அதற்கு லத்தீன், கிரேக்கம், கணிதத்தைவிட நல்ல கருவி இல்லை என்பது அவர்கள் வாதம். அந்த அறிக்கை நாட்டின் மற்றக் கல்லூரிகளிலும் பல பத்தாண்டுகளுக்குச் செல்வாக்கோடு இருந்தது.

மாணவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் அதே சமயத்தில் தெரிந்துவிட்டது. 1828ல் மெஸ் சாப்பாடு சரியில்லை என்று கூட்டமாகப் புறக்கணித்தார்கள். அதை ரொட்டி வெண்ணெய்க் கலகம் என்பார்கள். 1830ல் நடந்தது இன்னும் பெரியது. கூம்பு வெட்டுகள் என்ற கணிதப் பாடத்தில், புத்தகத்திலுள்ள படத்தைப் பார்த்து விளக்கும் வழக்கத்தை நிறுத்தி, கரும்பலகையில் மனப்பாடமாகப் படம் வரைந்து நிரூபிக்கச் சொன்னார்கள். மாணவர்கள் மறுத்தார்கள். 96 பேர் இருந்த அந்த வகுப்பில் 43 பேரைக் கல்லூரி வெளியேற்றியது. அவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று மற்றக் கல்லூரிகளுக்கும் தகவல் போனது.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். "கிளாஸ்" என்று அவர்கள் சொன்னது நாம் சொல்லும் பேட்ச். ஒன்றாகச் சேர்ந்த நூறு பேர் நாலு வருடமும் ஒரே பாடம் படித்து, ஒன்றாக ஜெபத்தில் உட்கார்ந்து, ஒன்றாகப் பட்டம் வாங்குவார்கள். முதல் வருடம் ஃப்ரெஷ்மன், இரண்டாவது சோஃபமோர், மூன்றாவது ஜூனியர், நாலாவது சீனியர். ஒருவன் எந்த வருடத்து ஆள் என்பதே அவன் முகவரி. விளையாட்டு, சண்டை, சங்கம் எல்லாம் முதலில் இந்தக் கோட்டில்தான் பிரிந்தன.

மாணவர்கள் கட்டிய நூலகம்

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் மிகவும் மதிக்க வேண்டிய பகுதி விளையாட்டு கிடையாது, இலக்கியச் சங்கங்கள். அவை 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டன. 1753ல் லினோனியா, 1768ல் பிரதர்ஸ் இன் யூனிட்டி. பெயரில் இலக்கியம் இருந்தாலும் முக்கிய வேலை விவாதம். வாரம் ஒரு நாள் கூடி ஒரு கேள்வியை எடுத்து இரண்டு பக்கமும் பேசுவார்கள். அடிமை முறை சரியா, மாநிலங்களுக்கு எவ்வளவு அதிகாரம், பெண்களுக்கு என்ன கல்வி என்று வகுப்பறைக்குள் நுழைய முடியாத விஷயங்கள் எல்லாம் அங்கே வந்தன. நாடு அப்போது எந்தக் கேள்விகளில் உடைந்துகொண்டிருந்ததோ அதே கேள்விகள் சங்கத்தையும் உடைத்தன. 1819ல் தென் மாநில மாணவர்கள் பிரிந்து போய் கலையபி என்று தனிச் சங்கம் வைத்தார்கள். அது 1853 வரை நடந்தது.

புதிதாகச் சேர்ந்த பையன்களைத் தங்கள் பக்கம் இழுக்க லினோனியாவும் பிரதர்ஸும் போட்ட போட்டி தேர்தல் போலவே இருந்தது. வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் எல்லாரையும் கூட்டி, எங்கள் சங்கத்தில் படித்தவர்கள் யார் யார், எங்கள் நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று இரு தரப்புப் பேச்சாளர்களும் மாறி மாறிப் பேசுவார்கள். அமெரிக்கப் புரட்சிப் போரில் உளவாளியாகப் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்ட நேதன் ஹேல் லினோனியாக்காரர். அவர் பெயர் அந்த மேடையில் விடாமல் ஒலித்திருக்கும்.

அப்புறம் நூலகம். கல்லூரி நூலகத்தில் இறையியலும் பழைய மொழி நூல்களும்தான் அதிகம். அதைத் திறந்து வைக்கும் நேரமும் குறைவு. நாவல், கவிதை, பயண நூல், வரலாறு, புதுப் பத்திரிகை வேண்டும் என்றால் சங்க நூலகத்துக்குத்தான் போக வேண்டும். சந்தாப் பணத்திலும் நன்கொடையிலும் மாணவர்களே வாங்கிச் சேர்த்தார்கள், பட்டியல் அச்சிட்டார்கள், நூலகராகவும் தாங்களே இருந்தார்கள். நூற்றாண்டின் நடுவில் லினோனியாவிடமும் பிரதர்ஸிடமும் தலைக்குப் பத்தாயிரத்துக்கு மேல் புத்தகங்கள் இருந்தன. 1840களில் யேல் தனி நூலகக் கட்டடம் கட்டியபோது நடுவில் கல்லூரி நூலகம், இரண்டு பக்கச் சிறகுகளில் சங்கங்களின் நூலகங்கள் என்று இடம் ஒதுக்க வேண்டி வந்தது. இருபது வயது நிரம்பாத பையன்கள் சேர்த்த புத்தகங்களுக்கு நிர்வாகமே கட்டடத்தில் இரண்டு சிறகுகளைக் கொடுத்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிரதர்ஸ் நூலகத்தில் உதவி நூலகராக வேலை பார்த்துப் படித்தவர்களில் ஒருவர் யுங் விங். தென் சீனாவில் ஏழை வீட்டில் பிறந்து 1850ல் யேலுக்கு வந்தவர். மெஸ் மூடிய பிறகு மாணவர்கள் பத்து இருபது பேராகச் சேர்ந்து சாப்பாட்டுக் குழுக்கள் நடத்தினார்கள். அப்படி ஒரு குழுவுக்குச் சாமான் வாங்கி, பரிமாறி, கணக்குப் பார்த்து அதில் தன் சாப்பாட்டுச் செலவை ஈடுகட்டினார். கணக்கில் திணறினாலும் ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு வாங்கினார். 1854ல் பட்டம் பெற்றபோது, அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பட்டம் வாங்கிய முதல் சீனர் அவர்தான்.

கதவைச் சாத்திக்கொண்ட சங்கங்கள்

இலக்கியச் சங்கத்தில் எல்லாரும் சேரலாம். அதனாலேயே சிலருக்கு அது போதவில்லை. 1832ல் வில்லியம் ரஸ்ஸல், அல்ஃபோன்ஸோ டாஃப்ட் ஆகியோர் ஸ்கல் அண்ட் போன்ஸ் என்ற ரகசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வருடத்துக்குப் பதினைந்து பேர் மட்டும், எல்லாரும் சீனியர்கள். 1842ல் ஸ்க்ரோல் அண்ட் கீ, 1880களில் உல்ஃப்ஸ் ஹெட் வந்தன. போன்ஸ் 1856ல் ஜன்னல் இல்லாத கல் கட்டடம் ஒன்றைக் கட்டிக்கொண்டது. மாணவர்கள் அதைக் கல்லறை என்றே சொன்னார்கள்.

இதில் புதிர் போட்டுக் கதை கட்டுவோர் நிறையப் பேர் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மே மாதம் ஒரு நாள் மாலை ஜூனியர்கள் அத்தனை பேரும் வளாகத்தில் கூடி நிற்பார்கள். சீனியர் ஒருவர் கூட்டத்துக்குள் வந்து, தேர்ந்தெடுத்தவன் தோளில் ஓங்கித் தட்டி, உன் அறைக்குப் போ என்பார். மூன்று சங்கமும் சேர்ந்து 45 பேர். மீதிப் பேர் எல்லார் கண் முன்னாலும் தட்டப்படாமல் நிற்பார்கள். 1870களில் உருவான வழக்கம் இது. யார் தட்டப்படுவார்கள் என்றால் பந்தாட்டக் கேப்டன், படகுக் கேப்டன், பத்திரிகை ஆசிரியர், நல்ல பேச்சாளர். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கினவனுக்கு இடம் நிச்சயமில்லை. வகுப்புக்கு வெளியே செய்ததற்குத்தான் அங்கே மதிப்பு என்பதை வெளிப்படையாகக் காட்டிய சடங்கு அது. அதனால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பையன்கள் ஏதாவது ஒரு குழுவில் பெயர் வாங்க ஓடினார்கள். நிறையப் பேரை அது உழைக்க வைத்தது, நிறையப் பேரைப் புண்படுத்தியும் இருக்கிறது.

அல்ஃபோன்ஸோவின் மகன் வில்லியம் ஹோவர்ட் டாஃப்டும் போன்ஸ் உறுப்பினர். 1878ல் பட்டம் வாங்கிய அவர் பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார்.

ரயில்வேக்காரர் நடத்திய போட்டி

இனி விளையாட்டு. 1843ல் யேல் மாணவர்கள் சிலர் பழைய படகு ஒன்றை வாங்கி நியூ ஹேவன் துறைமுகத்தில் பொழுதுபோக்காகத் துடுப்பு வலித்தார்கள். அடுத்த வருடம் ஹார்வர்டிலும் ஆரம்பித்தார்கள். இரண்டு கல்லூரிகளையும் மோத விடலாம் என்ற யோசனை 1852ல் ஒரு ரயில்வே கம்பெனியிடமிருந்து வந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் வினிபசாகி ஏரி வரை அவர்கள் பாதை போட்டிருந்தார்கள், சுற்றுலாப் பயணிகள் வேண்டும். பயணமும் தங்கும் செலவும் எங்களுடையது, நீங்கள் வந்து படகு வலியுங்கள் என்றார்கள். பையன்களுக்குக் கசக்குமா?

ஆகஸ்ட் 3 அன்று போட்டி நடந்தது. ஹார்வர்டின் ஒனைடா என்ற படகு ஜெயித்தது. கறுப்பு வால்நட் மரத் துடுப்புகளைப் பரிசாக எடுத்துக் கொடுத்தவர் ஃப்ராங்க்ளின் பியர்ஸ். சில மாதங்களில் அவர் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார். அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகள் மோதிய முதல் விளையாட்டுப் போட்டி இதுதான் என்று எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். கல்லூரி விளையாட்டில் வணிகம் புகுந்துவிட்டது என்ற வருத்தத்தை இன்று அடிக்கடி கேட்கிறோம். முதல் போட்டியையே டிக்கெட் விற்கத்தான் நடத்தினார்கள்.

1878லிருந்து இந்தப் போட்டி கனெக்டிகட்டிலேயே இருக்கும் நியூ லண்டன் ஊரருகே, தேம்ஸ் என்றே பெயர் கொண்ட ஆற்றில் நடக்கிறது. 1880லும் 1881லும் யேல் ஜெயித்தபோது படகைத் திசை திருப்பிய காக்ஸ்வெய்ன் சுங் முன்-யூ என்ற சீன மாணவர். யுங் விங் தன் நாட்டு அரசை இணங்க வைத்து 1872 முதல் அழைத்துவந்த 120 சிறுவர்களில் ஒருவர் அவர். 1881ல் சீன அரசு அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டதால் படிப்பு பாதியில் நின்றது.

கால்பந்து எப்படி வேறொரு ஆட்டமானது

ஆரம்பத்தில் யேலில் கால்பந்து என்பது ஃப்ரெஷ்மன்களும் சோஃபமோர்களும் கும்பலாக மோதிக்கொள்ளும் சாக்கு. பந்து ஒரு பெயருக்கு இருக்கும். சட்டை கிழியும், பல் உடையும். 1858ல் ஊர்ப் பொதுத்திடலில் அதை நடத்தக் கூடாது என்று நியூ ஹேவன் நகரம் தடுத்தது. 1860ல் ஹார்வர்டும் தடை போட்டது. அங்கே மாணவர்கள் பந்துக்குப் பாடை கட்டி, ஊர்வலம் போய், குழி தோண்டிப் புதைத்தார்கள்.

1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் பக்கத்துக்கு 25 பேரோடு ஆடியதைத்தான் முதல் கல்லூரிக் கால்பந்துப் போட்டி என்பார்கள். 1872ல் யேல் கொலம்பியா கல்லூரியோடு ஆடியது. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு விதி இருந்ததால் ஆட்டத்துக்கு முன்னால் பேசி ஒத்துப்போக வேண்டியிருந்தது. ஹார்வர்டு ரக்பி பாணியில் ஆடியது. 1876ல் மற்றவர்களும் ரக்பிக்கு மாறினார்கள். அதே வருடம் யேலில் வால்ட்டர் கேம்ப் என்ற பையன் சேர்ந்தான்.

ரக்பியில் ஆட்டம் நின்றால் இரு தரப்பும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்க, நடுவில் பந்து விழும். அது யார் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது. கேம்புக்கு இது பிடிக்கவில்லை. பந்து ஒரு அணியின் கையில் இருக்கட்டும், எதிர் அணி ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கட்டும், பந்து வைத்திருப்பவர்கள் தாங்கள் நினைத்தபடி ஆட்டத்தைத் தொடங்கட்டும் என்று 1880ல் மாணவப் பிரதிநிதிகள் கூட்டத்தில் விதி கொண்டுவந்தார். ஆட்டக்காரர்களும் பதினைந்திலிருந்து பதினொன்றாகக் குறைந்தார்கள்.

இந்த விதியில் ஓட்டை இருந்தது. பந்து கையில் இருக்கும் அணி அதை விடவே வேண்டியதில்லையே! 1881ல் பிரின்ஸ்டன் ஒரு பாதி முழுக்கப் பந்தைப் பிடித்துக்கொண்டே நின்றது, மறு பாதியில் யேலும் அதையே செய்தது. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது, பார்க்க வந்தவர்கள் கொதித்துப் போனார்கள். 1882ல் அடுத்த விதி வந்தது: மூன்று முயற்சிக்குள் ஐந்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். அளப்பதற்காக மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். இன்று நாம் அமெரிக்கக் கால்பந்து என்று தனியாகச் சொல்லும் ஆட்டம் இந்த இரண்டு விதிகளிலிருந்து வந்ததுதான். இரண்டையும் உருவாக்கிய கூட்டங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் மாணவர்களும் படிப்பை இப்போதுதான் முடித்தவர்களும்.

அணியை நடத்தியதும் மாணவக் கேப்டன்தான். கேம்ப் பகலில் ஒரு கடிகாரக் கம்பெனியில் வேலை பார்த்தார். சம்பளம் இல்லாமல் ஆலோசனை சொல்வார். 1888ல் பயிற்சி நேரத்தில் அவரால் வேலையை விட்டு வர முடியாததால், அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்த அவர் மனைவி ஆலிஸ் மைதானத்துக்குப் போய் ஒவ்வொருவர் ஆட்டத்தையும் குறித்து வருவார். மாலையில் ஆட்டக்காரர்கள் வீட்டுக்கு வந்ததும் அந்தக் குறிப்பை வைத்துப் பேசுவார்கள். அந்த வருடம் யேல் மொத்தம் 698 புள்ளி எடுத்தது. எதிர் அணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். ஆலிஸின் பங்கை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆட்டம் வளர வளர முரட்டுத்தனமும் வளர்ந்தது. 1894ல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஹார்வர்டுடன் நடந்த ஆட்டத்தில் இரு பக்கமும் அவ்வளவு காயம்பட்டதால், அடுத்த இரண்டு வருடம் அந்தக் கல்லூரிகள் கால்பந்தில் மோதவே இல்லை.

வேலியில் உட்காரும் உரிமை

சங்கமும் விளையாட்டும் போக, சும்மா உட்கார்ந்து பேசுவதும் வளாக வாழ்க்கைதானே. யேலில் அதற்கென்று ஓர் இடம் இருந்தது. வளாகத்தின் மூலையில், சேப்பல் தெருவும் காலேஜ் தெருவும் சந்திக்கும் இடத்தில் ஒரு மர வேலி. மாலையில் அதன் மேல் வரிசையாக உட்கார்ந்து பாடுவார்கள், போகிறவர் வருகிறவரைப் பார்ப்பார்கள். எந்த வருடத்து ஆள் எந்தப் பகுதியில் உட்காரலாம் என்று எழுதாத சட்டம் இருந்தது. ஃப்ரெஷ்மன்களுக்கு இடமே கிடையாது. ஹார்வர்டு ஃப்ரெஷ்மன்களை பேஸ்பாலில் ஜெயித்தால் மட்டும் அந்த உரிமை கிடைக்கும்.

1887ல் யேல் தன்னைப் பல்கலைக்கழகம் என்று அறிவித்துக்கொண்டது. அடுத்த வருடம், புது வகுப்பறைக் கட்டடத்துக்காக அந்த வேலியை எடுத்தார்கள். பழைய மாணவர்களும் படிப்பவர்களும் எவ்வளவோ எதிர்த்தும் நடக்கவில்லை. வேலியின் ஒரு துண்டு ஊரிலுள்ள புகைப்பட ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்தது. அணிக் கேப்டன்கள் அதன் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது வழக்கமானது.

எழுதுகிற பையன்களுக்கு 1836லேயே ஒரு இலக்கிய இதழ் இருந்தது. 1878 ஜனவரி 28 அன்று யேல் டெய்லி நியூஸ் என்ற நாளிதழ் வந்தது, இன்றும் மாணவர்கள்தான் நடத்துகிறார்கள்.

இவ்வளவு நேரம் பையன்கள் என்றே எழுதி வந்தேன். வேறு யாரும் அங்கே இல்லை என்பதால்தான். யேல் கல்லூரி இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்தது 1969ல். 1874ல் பட்டம் பெற்ற எட்வர்ட் புஷே, 1876ல் இயற்பியலில் முனைவர் பட்டமும் வாங்கினார். அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். ஆனாலும் எந்தப் பல்கலைக்கழகமும் அவரைப் பேராசிரியராக எடுத்துக்கொள்ளவில்லை. பல வருடம் பிலடெல்ஃபியாவில் கறுப்பின மாணவர்களுக்கான பள்ளி ஒன்றில் அறிவியல் சொல்லிக் கொடுத்தார். மாணவர்களே கட்டிய இந்த உலகம் வாசலைத் திறந்து வைத்தது ஒரு சிலருக்குத்தான்.

லினோனியாவும் பிரதர்ஸும் 1870களின் தொடக்கத்தில் மங்கிப் போயின. ரகசியச் சங்கமும் விளையாட்டும் ஆட்களை இழுத்துக்கொண்டன. கல்லூரி நூலகமும் புது நூல்களை வாங்கத் தொடங்கியிருந்தது. அவற்றின் புத்தகங்களைக் கல்லூரி தன் நூலகத்தில் சேர்த்துக்கொண்டது. 1930களின் தொடக்கத்தில் ஸ்டெர்லிங் நூலகம் திறந்தபோது ஓர் அறைக்கு இரண்டு சங்கங்களின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். தோல் நாற்காலிகள் போட்ட அந்த அறை, பாடத்துக்காக இல்லாமல் ஆசைக்காகப் படிப்பவர்களுக்கு என்று அமைத்தது.